நன்றி, உங்கள் செய்தி வந்து சேர்ந்தது

லைல் ஜான்ட்ரெய்ன் யாரிடமும் எதையும் கேட்காதவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் பெல்வோவில் பிறந்த எல்லோருக்கும் உள்ள வியாதிதான், அவனுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான். வழியே போகிறவன் பார்த்து, தானாக இறங்கி வந்து தள்ளினால் உண்டு. டிராக்டர் கடையில் உதிரிபாகம் விற்கும் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன். ஊரில் பாதிப் பேர் அவனோடு படித்தவர்கள், ஆகவே அறுபது தாண்டியும் எங்களுக்கு அவன் 'அவன்'தான்.

அப்படிப்பட்டவன் போன குளிர்காலத்தில் ஊரையே பார்த்து ஒரு சிறுநீரகம் கேட்க வேண்டி வந்தது.

மனைவி நொரீனுக்கு. எங்கள் பள்ளி பஸ்ஸை ஒரு தலைமுறைக்கு மேல் ஓட்டியவள் அவள். மற்ற டிரைவர்கள் பிள்ளைகள் வரத் தாமதமானால் ஹாரனை அலறவிடுவார்கள். நொரீன் அதைத் தொடமாட்டாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி காத்திருப்பாள். ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு பனியில் ஓடிவருகிற பிள்ளை ஏறியதும், "வந்துட்டியா ராசா, உக்காரு" என்பாள். அவ்வளவுதான் திட்டு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று நாள் கிரீன் பே நகரம் வரை போய் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தது, ஆனால் முறை வர வருடக்கணக்காகும், அவள் இதயம் அதுவரை தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். லைல் தன்னுடையதைக் கொடுக்கப் போனான். சர்க்கரை வியாதிக்காரனுடையது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. நல்ல உடம்புள்ள யாராவது மனது வைத்தால்தான் உண்டு.

"நேரா கேக்காதீங்க, மிஸ்டர் ஜான்ட்ரெய்ன். அவங்க கதையைச் சொல்லுங்க" என்றாள் மருத்துவமனையில் இதற்கென்றே இருக்கும் பெண். "ஒரு வெப்சைட் போடுங்க. கார் கண்ணாடியில முகவரியை எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எனக்கு வெப்சைட் கட்டத் தெரியாதே."

"இப்ப யாருக்குத் தெரியுது? ஏஐகிட்ட சொல்லுங்க, அது கட்டிக் குடுத்துடும்."

நேராகக் கேட்க வேண்டாம் என்ற சொல் லைலுக்குத் தேனாக இனித்தது. சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்து, இரண்டே விரல்களால், 'என் மனைவிக்கு சிறுநீரகம் வேண்டும், ஒரு பக்கம் கட்டு' என்று தட்டினான். 'அருமையான யோசனை!' என்றது அது. அவன் காபி ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பக்கம் எழும்பி நின்றது. மேலே அவன் கொடுத்த படம், மஞ்சள் பஸ்ஸின் படியில் நொரீன். கீழே, 'அன்பின் கலங்கரை விளக்கம், மனவுறுதியின் மறுபெயர்' என்று ஆரம்பித்து ஒரு முழம்.

நொரீன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "யாரு இந்தப் பொம்பள? எனக்கே ஒரு கிட்னியைக் கழட்டிக் குடுத்துடலாம் போல இருக்கே" என்றாள்.

லைல் சிரித்துவிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. 'பொய் எழுதாதே. பஸ் ஓட்டினாள். ருபார்ப் பை பலகாரம் நன்றாகச் செய்வாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள்' என்று தட்டினான். 'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!' என்று அது ஒரு நொடியில் மாற்றிக் கொடுத்தது. யாருக்காவது பாகம் தேடிக் கொடுத்தே வாழ்ந்தவனுக்கு, தான் சொன்னதெல்லாம் உடனே நடக்கிற சுகம் புதிது. அதை விட முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கு என்றான், பின்னணியில் ஏரி வேண்டும் என்றான், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எனக்குக் காட்டு என்றான். ஒவ்வொரு முறையும் அது தான் செய்ததையெல்லாம் நீளமாக விளக்கி எழுதும். லைல் முதல் இரண்டு வரி பார்ப்பான், 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்துவான். வேலை செய்கிறதா, செய்கிறது. பிறகு என்ன படிப்பு?

அடியில் மருத்துவமனையின் போன் எண் இருந்தது. அந்தப் பெண் கண்டிப்பாகப் போடச் சொல்லியிருந்தாள். லைலுக்கு அது உறுத்தியது. எடுத்த எடுப்பிலேயே ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுப்பது கத்தியைத் தீட்டிக் காட்டுவது மாதிரி அவனுக்குப் பட்டது. எடுத்துவிடு என்றான். தன் எண்ணையும் போடவில்லை. போன் என்றால் குரலைக் கேட்டுப் பேச வேண்டும், அவர்கள் தயங்குவார்கள், எல்லோருக்கும் சங்கடம். கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னப் பெட்டி. 'ஒரு வரி எழுதுங்கள். கட்டாயம் ஒன்றுமில்லை.'

தானே அதில் 'ஹலோ' என்று எழுதி அனுப்பிப் பார்த்தான். பச்சையாக ஒரு டிக் குறி சுழன்று வந்தது. 'நன்றி, உங்கள் செய்தி வந்து சேர்ந்தது' என்றது. பக்கத்தில் குட்டியாக ஓர் இதயம் வேறு துடித்தது.

"நொரீன், இங்க வந்து பாரேன்! இதயம் துடிக்குது!"

"என்னோடதை விட நல்லாவே துடிக்குது" என்றாள் அவள்.

பிறகு, வருகிற செய்திகளை நான் எங்கே பார்ப்பது என்று கேட்டான். அதற்கும் தனியாக ஒரு பக்கம் கட்டிக் கொடுத்தது. அதில் 'இன்னும் செய்திகள் இல்லை' என்று இருந்தது. அவன் அனுப்பிய 'ஹலோ' அதில் இல்லை. இந்தப் பக்கம் கட்டுவதற்கு முன்னால் அனுப்பியது, அதனால் இல்லை என்று லைல் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு 'ஏற்றுக்கொள்' பொத்தானை அழுத்தினான்.

மார்ச்சில் பனி கரையும் முன்பே அவன் டிரக்கின் பின்கண்ணாடியில் வெள்ளை எழுத்து ஏறியது. 'நொரீனுக்கு ஒரு சிறுநீரகம்', கீழே பக்கத்தின் முகவரி. ஊர் முழுக்கப் பார்த்தது. பார்வையாளர் எண்ணிக்கை எகிறியது. செய்திப் பக்கம் மட்டும் அசையவில்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் திறந்து பார்ப்பான். இன்னும் செய்திகள் இல்லை. கடையில் வாடிக்கையாளர் பெல்ட் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் பார்ப்பான். இன்னும் செய்திகள் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வந்து, நொரீன் முகத்தைப் பார்த்து, பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள். இப்படித்தான் அவனுக்குத் தோன்றியது, வேறு எப்படித் தோன்றும்?

"ஏதாவது வந்துச்சா?" என்று நொரீன் முதலில் தினமும் கேட்டாள். பிறகு எப்போதாவது கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போவதுதான் பெரிய வேதனையாயிற்று. முன்பு சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவர்கள் இப்போது அவனைக் கண்டதும் தட்டைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளியான ஆர்வில், பக்கத்தில் உட்கார்ந்து, மழை, பால் விலை, மீன் கடிக்கிறதா என்று பேசுவான். நொரீன் பேச்சை எடுத்தால் எழுந்து பீர் வாங்கப் போய்விடுவான். நொரீன் பஸ்ஸில் வளர்ந்த ஜோலின்தான் அங்கே பரிமாறுகிறவள். அவள் லைல் உட்காரும் மேஜைப் பக்கமே வருவதில்லை. குற்றவுணர்வு, வேறென்ன என்று லைல் நினைத்தான். மே மாதத்தில் போவதையே நிறுத்திக்கொண்டான்.

பக்கத்தின் மேல் சந்தேகம் அவனுக்கு ஒரு முறைகூட வரவில்லை. மனிதர்கள் மேல்தான் வந்தது. பாவி, இதயம் துடித்ததைக் கண்ணால் பார்த்தவனல்லவா?

ஜூன் கடைசியில் நொரீன் அலமாரிகளைக் காலி செய்ய ஆரம்பித்தாள். குளிர்கால கோட்டைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாள். நல்ல தட்டுகளைத் தங்கைக்கு அனுப்பினாள். பெயர் தைத்த பஸ் ஜாக்கெட்டை, "நீ சின்னதுல இதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவே" என்று ஜோலினிடம் கொடுத்துவிட்டாள். லைல் எல்லாவற்றையும் பார்த்தான். வீட்டைச் சுத்தம் செய்கிறாள், நல்லதுதான் என்று நினைத்தான், அல்லது அப்படி நினைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். யாரும் எழுதாத அவமானத்தை ஈடுகட்ட வேண்டும்போல, அந்தக் கோடை முழுக்க அவளிடம் தங்கமாக நடந்துகொண்டான். பியோனிப் பூ பறித்து வந்து வைத்தான். மாலையில் ஏரிக்கரைக்கு ஓட்டிப் போய், வண்டிக் கதவைத் திறந்து வைத்து, இருவரும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சில நேரம் அவள் அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். அவன் திரும்பினால், "ஒண்ணுமில்ல" என்பாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு தேவாலயத்தில் பூயா என்ற சூப்பு விருந்து. கோழி, மாட்டிறைச்சி, காய்கறி எல்லாம் ஆளுயர அண்டாவில் விடியும் முன்பிருந்தே வேகும். இந்த வருடப் பூயா நொரீனுக்குப் பணம் திரட்ட என்று அறிவித்திருந்தார்கள். அவளுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. "நீயாவது போய்த் தலையைக் காட்டிட்டு வா, இல்லாட்டி நல்லாயிருக்காது. வாசனைக்கு ஒரு டப்பா கொண்டா" என்று அவனை அனுப்பினாள்.

லைல் வரிசையில் நின்றான். முதுகில் தட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள். ஆர்வில் துடுப்புக் கட்டையால் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன், நல்ல மனதோடுதான், "நொரீனுக்காக எல்லாரும் ஜெபம் பண்றோம், லைல்" என்றான்.

அதில் லைல் உடைந்தான்.

"ஜெபம் போதும்யா!" லைலின் குரல் அவ்வளவு உயரும் என்று அவனுக்கே தெரியாது. "சூப்பு போதும்! எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பாத்தீங்கன்னு எனக்கு நம்பர் காட்டுது, தெரியுமா? பாத்தீங்க, போனீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஒரு வரி எழுதினீங்களா? கிட்னி வேணாம், எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை? உங்க பிள்ளைங்களுக்காக அந்தக் குளிர்ல கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தாளே! ஒரு நாளாவது ஹாரன் அடிச்சாளா?"

பேண்டு வாசித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

ஆர்வில் துடுப்பை அண்டாவில் சாய்த்து வைத்தான். "நான் எழுதினேனேடா" என்றான்.

"என்னது?"

"மார்ச்சுல. நீ கண்ணாடியில எழுதினியே, அன்னிக்கே. எனக்குப் பிரஷர் இருக்கு, இருந்தாலும் டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமேன்னு எழுதினேன். வந்து சேந்துச்சுன்னு சொல்லுச்சு. நீ பதில் போடல. சரி, கிழட்டு மாட்டோடது வேணாம்னு நினைக்கிறே போலன்னு விட்டுட்டேன்."

"டேய், வாரா வாரம் எம் பக்கத்துல உக்காந்து மீன் தின்னியேடா! வாயைத் திறந்து கேட்டா என்ன?"

"என்னன்னு கேக்கறது? எங் கிட்னியில என்னடா குறைன்னா?"

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக் கூடையோடு நின்ற ஜோலின், "நானும் எழுதினேன், லைல்" என்றாள். "மார்ச்சுலயேதான். என் ரத்தம் எல்லாருக்கும் சேர்ற வகை. மிஸ் நொரீனுக்கு என்னோடது பிடிக்கலையோ, வேற ஆள் கிடைச்சாச்சோன்னு நினைச்சேன். உங்க மூஞ்சியைப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு." அவள் கூடையை இறக்கி வயிற்றின் மேல் கை வைத்தாள். ஆறாம் மாதம். "அப்ப இது இல்ல. அப்பவே கூப்பிட்டிருந்தா..." என்று அழ ஆரம்பித்தாள்.

பிறகு ஒவ்வொருவராக. தபால்காரர் எழுதியிருந்தார். பள்ளிக்கூட இசை ஆசிரியை எழுதியிருந்தாள். டெக்சாஸுக்குக் குடிபோய்விட்ட மகன் போகும் முன் எழுதினான் என்று ஒரு தாய் சொன்னாள். வசந்தம் முழுக்க இத்தனை பேரும் அவனைத் தெருவில் பார்த்து, மழையைப் பற்றிப் பேசி, வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கேட்டால் வற்புறுத்துவது மாதிரி ஆகிவிடுமாம். இந்த மரியாதையைக் கொண்டுபோய் ஏரியில் போட.

லைல் டப்பாவை மறக்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினான். எப்படி ஓட்டினான் என்று தெரியாது. நொரீன் உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தாள். சமையலறையில் கணினியைத் திறந்து, 'மக்கள் அனுப்பிய செய்திகள் எங்கே போகின்றன?' என்று தட்டினான்.

'மிக நல்ல கேள்வி! இந்தப் பெட்டி தற்போது நன்றிச் செய்தியை மட்டுமே காட்டுகிறது. செய்திகள் எங்கும் அனுப்பப்படுவதில்லை, சேமிக்கப்படுவதும் இல்லை. பெட்டியை அமைத்த அன்றே என் குறிப்பின் இறுதியில் இதைச் சொல்லியிருந்தேன். இப்போது ஒரு மின்னஞ்சல் சேவையோடு இணைத்துத் தரட்டுமா?'

'இதுவரை வந்தவை?'

'வருந்துகிறேன். அவற்றை மீட்க வழியில்லை.'

பழைய பதில்களைத் தேடித் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். இருந்தது. நீண்ட பதிலின் கடைசி வரியில், எந்த ஒளிவுமறைவும் இல்லாமல், இது வெறும் தோற்றம், இன்னும் இணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்கு அடியில் அவன் அழுத்திய 'ஏற்றுக்கொள்'. யாரைத் திட்டுவது? மேஜையில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல் கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

"அங்க என்ன பண்றே?" என்றாள் நொரீன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகையும் சந்தோஷமும் கலந்து அவனுக்கு மூச்சு வாங்கியது. "நம்மள யாரும் கைவிடல, நொரீன்! ஆர்வில் எழுதியிருக்கான். ஜோலின் எழுதியிருக்கா. இசை டீச்சர் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றாளாம். எல்லாம் என் தப்பு, நான் படிக்கல, ஆனா எழுதியிருக்காங்க!"

நொரீன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"அப்ப எழுதினது ஒண்ணுமே உனக்கு வரல?"

"ஒண்ணுமே வரல."

"ஜூன்ல நான் எழுதினதும்?"

லைலுக்குப் புரியவில்லை. "நீ எதுக்கு எழுதினே?"

"உங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரல." அவள் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "நீ தினம் அதைத்தானே திறந்து பாக்கறே, அதுல எழுதினா படிப்பேன்னு எழுதினேன். யாரும் வரப்போறதில்ல, எனக்கு அலுத்துப்போச்சு, பூயா முடிஞ்சதும் டயாலிசிஸ் மெஷினுக்குப் போறதை நிறுத்திக்கறேன்னு எழுதினேன். வேணாம்னா சொல்லு, ஒண்ணும் சொல்லலேன்னா உனக்கும் சம்மதம்னு எடுத்துக்கறேன்னு எழுதினேன்."

லைல் மடிக்கணினியை மூடினான்.

"நீ ஒண்ணும் சொல்லல" என்றாள் நொரீன். "மறுநாள் பூ பறிச்சுக்கிட்டு வந்தே. ஏரிக்குக் கூட்டிட்டுப் போனே. சரி, ஒத்துக்கிட்டான், அதைத்தான் இப்படிச் சொல்றான்னு நினைச்சேன். நாளைக்கு வரமாட்டேன்னு நர்சுகிட்டயும் சொல்லியாச்சு."

கோட்டு, தட்டு, ஜாக்கெட் எல்லாம் லைலின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. பெட்டி பொய் சொன்னது உண்மை. ஆனால் இவை எதுவும் பெட்டிக்குள் நடந்ததில்லை. அவன் கண்ணெதிரே, இந்த வீட்டில் நடந்தவை. ஒரு தரம், ஏன் எல்லாத்தையும் குடுத்துடறே என்று கேட்டிருந்தால் போதும்.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் முன்னால் தரையில் மண்டியிட்டான். முட்டி வலித்தது.

"வேணாம்" என்றான். "வேணாம், நொரீன். எனக்குச் சம்மதமில்ல. நீ இருக்கணும். உங்கிட்ட நான் கேக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன். போகாதே."

வாழ்நாளில் அவன் வாய்விட்டுக் கேட்டது அதுதான். நொரீன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா?" என்றாள்.

செய்தி போய்ச் சேரவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

மறுநாள் காலையில் லைல் டிரக்கை வாசலுக்குக் கொண்டுவந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். டயாலிசிஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் ஹாரன் அடிக்கவில்லை. வீட்டுக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது.